30க்கு மைனஸ் நான்கு

எம்.எஸ்சி. புள்ளியியல் புராஜெக்டுக்குத் தலைப்பு கிடைக்காமல் அலைந்தபோது, "அட்னி டேட்டாவுக்கு அப்ளை பண்ணிப் பாரேன்" என்றார் எங்கள் கைடு. அல்சைமர் நோயாளிகளின் மூளைப் படங்களைச் சேர்த்துவைக்க 2004இல் அமெரிக்காவில் தொடங்கிய ஆய்வுதான் அட்னி. முன்னின்று நடத்தியவர் சான் பிரான்சிஸ்கோவின் மைக்கேல் வைனர். முதல் கட்டத்தில் சுமார் 800 பேர். அமெரிக்காவிலும் கனடாவிலும் ஐம்பதுக்கு மேற்பட்ட மையங்கள். வேறு வேறு கம்பெனி ஸ்கேனர்கள். ஆனாலும் ஓரிடத்துப் படத்தை இன்னோரிடத்துப் படத்தோடு ஒப்பிடும்படி ஒரே முறையில் எடுத்திருக்கிறார்கள்.

கட்டணம் கிடையாது. யார், எந்தக் கல்லூரி, டேட்டா எதற்கு என்று எழுதவேண்டும். பங்கேற்றவர்கள் யாரென்று கண்டுபிடிக்க முயலமாட்டேன், டேட்டாவைப் பிறருக்குத் தரமாட்டேன் என்றும் ஒப்புக்கொள்ளவேண்டும். நமக்கெல்லாம் எங்கே தரப்போகிறார்கள் என்று இருந்தேன். பத்து நாளில் அனுமதி வந்துவிட்டது.

படங்களை இறக்க ஹாஸ்டல் வைஃபை ஒத்துழைக்கவில்லை. நல்லவேளை, மூளையில் நினைவுக்கு முக்கியமான பகுதியான ஹிப்போகாம்பஸின் கன அளவை ஏற்கெனவே அளந்து அட்டவணையாகவே வைத்திருந்தார்கள். அப்புறம்தான் வம்பு. 30 மதிப்பெண் நினைவுத் தேர்வில் ஒருவர் -4 வாங்கியிருந்தார்! சராசரியெல்லாம் கோணலாக வர, இரண்டு இரவு என் நிரலையே சந்தேகப்பட்டுக்கொண்டிருந்தேன். விவரம் இல்லாத இடத்தில் -4 என்று போடுவது அவர்கள் வழக்கமாம். விளக்கக் கோப்பை முதலிலேயே படித்திருக்கலாம்.

நான் போட்ட கணக்கு இதுதான்: ஒரு மருந்து நோயின் வேகத்தைக் குறைக்கிறதா என்று பார்க்க எத்தனை பேர் வேண்டும்? நினைவுத் தேர்வில் ஒரே ஆள் இந்த முறை ஏறுவார், அடுத்த முறை இறங்குவார். ஹிப்போகாம்பஸ் அப்படியில்லை, சீராகச் சுருங்குகிறது. அதை வைத்துக் கணக்கிட்டால் தேவைப்படும் ஆள்கணக்கு நன்றாகவே குறைந்தது. துள்ளிக்கொண்டு போய்க் காட்டினேன். கைடு அசரவில்லை. "மூளையில் படியும் அமிலாய்டு புரதத்தை அகற்றும் சில மருந்துகளில் மூளையின் மொத்தக் கன அளவு இன்னும் வேகமாகக் குறைஞ்சிருக்கு. அதுக்கு என்ன சொல்வே?" என்றார். என்னிடம் பதில் இல்லை.

மருந்துச் சோதனைக்கு ஆளைத் தேர்ந்தெடுப்பதில்தான் படங்களின் பலன் எனக்கு உறைத்தது. 2012இல் தோற்ற பாபினியூசுமாப் என்ற அமிலாய்டு எதிர்ப்பு மருந்தின் சோதனையில், அல்சைமர் ஆபத்தைக் கூட்டும் ஏபோஇ4 மரபணு இல்லாதவர்களில் அமிலாய்டைக் காட்டும் பெட் ஸ்கேன் எடுத்துக்கொண்டவர்களைப் பார்த்தால், 36 சதவீதம் பேரின் மூளையில் அமிலாய்டே போதிய அளவு இல்லை. இல்லாத படிவை எந்த மருந்து கரைக்கும்? பிறகு வந்த லெக்கனெமாப் சோதனையில் அமிலாய்டு இருப்பதை உறுதிசெய்த பிறகே 1,795 பேரையும் சேர்த்தார்கள். அந்த மருந்து 2023இல் அமெரிக்காவில் முழு அனுமதி பெற்றது.

புராஜெக்டை இப்போது கட்டுரையாக்கிக்கொண்டிருக்கிறேன். பத்திரிகைக்கு அனுப்பும் முன் அட்னி குழுவுக்கும் ஒரு பிரதி அனுப்பவேண்டும். -4 கதையை அதிலிருந்து எடுத்துவிட்டேன்.