கடலோரம் தங்கினால் காலைச் சந்தையை விடாதீர்கள்

கடலோரத்தில் தங்கப் போகிறவர்களிடம் ஒன்று கேட்டுக்கொள்கிறேன்: விடுதிச் சாப்பாட்டோடு நின்றுவிடாதீர்கள். விடிந்ததும் உள்ளூர்ச் சந்தைக்கு ஒரு நடை போய் வாருங்கள். படகு கரைசேர்ந்த கையோடு வரும் மீனுக்குத் தனி ருசி! கண் தெளிவாகப் புடைத்திருக்கும், செவுள் சிவந்திருக்கும், விரலால் அழுத்தினால் சதை உடனே எழும்பும். கடல் வாசம் இருக்கலாம், வீச்சம் கூடாது. (எப்படிச் சமைப்பது என்று விற்கிற அம்மாவிடமே கேளுங்கள், அவ்வளவு ஆசையாகச் சொல்வார்கள்.) பழமும் அப்படித்தான், அந்தப் பருவத்தில் குவிந்து கிடப்பதை வாங்குங்கள்.

அறை எடுக்கும்போது கடல் பார்த்த ஜன்னலைக் கேட்டு வாங்குங்கள். பகலில் நிலம் கடலைவிடச் சீக்கிரம் சூடாவதால் காற்று கடலிலிருந்து கரைக்கு வீசும். எனக்கு நீச்சல் குளத்தைவிட அந்தக் காற்றுதான் பெரிது.