குளோபல் என்ட்ரி தாமதம்: நாட்குறிப்பு

ஜனவரி 6, 2025

குளோபல் என்ட்ரி என்பது, முன்கூட்டியே பின்னணி சோதிக்கப்பட்டவர்கள் அமெரிக்காவுக்குள் நுழையும்போது குடியேற்றச் சோதனையை விரைவாக முடிக்க உதவும் அமெரிக்க அரசுத் திட்டம். 2024 அக்டோபர் 1 முதல் அதன் விண்ணப்பக் கட்டணம் 100 டாலரிலிருந்து 120 ஆகிவிட்டது. ஐந்து வருடத்துக்கு ஒரே தடவை. நிராகரித்தாலும் திரும்ப வராது. பெற்றோரில் ஒருவர் உறுப்பினராகவோ விண்ணப்பதாரராகவோ இருந்தால் 18 வயதுக்குட்பட்ட பிள்ளைகளுக்குக் கட்டணம் கிடையாது. ஆனால் பச்சைக் குழந்தைக்கும் தனி விண்ணப்பம் வேண்டும். படிவத்தை நிரப்பிச் சேமித்து வைத்தால் மட்டும் போதாது. பணம் கட்டிச் சமர்ப்பித்தால்தான் பரிசீலனை தொடங்கும்.

ஜனவரி 14

"ரொம்ப நாளாகிறது" என்பவர்களிடம் முதலில் கேட்க வேண்டியது, எந்தக் கட்டத்தில் நிற்கிறது என்று. விண்ணப்பத் தளத்தில் நம் கணக்குப் பக்கத்தில் (டாஷ்போர்டு) "பெண்டிங் ரிவ்யூ" என்றால் பின்னணிச் சோதனை இன்னும் முடியவில்லை. "கண்டிஷனலி அப்ரூவ்டு" (நிபந்தனை ஒப்புதல்) என்றால் சோதனை முடிந்துவிட்டது, நேர்காணல்தான் பாக்கி. முதல் கட்டத்தைப் பணம் கட்டி முடுக்க வழியே இல்லை. சிலருக்கு இரண்டே வாரம், சிலருக்கு ஓராண்டுக்கும் மேல். இரண்டாவது கட்டம் பெரும்பாலும் நம் கையில்.

ஜனவரி 22

பின்னணிச் சோதனையில் கோப்பு ஏன் தேங்குகிறது? கடந்த ஐந்து வருட முகவரியும் வேலையும் இடைவெளி இல்லாமல் கேட்கிறார்கள். வேலை இல்லாத மூன்று மாதத்தைக் காலியாக விடக்கூடாது. வேலையில்லை என்றே குறிப்பிட வேண்டும். தள்ளுபடியான பழைய வழக்கு, விமான நிலையத்தில் மாம்பழத்தை அறிவிக்காமல் கொண்டுவந்து கட்டிய அபராதம், எல்லாவற்றையும் சொல்லிவிடுவது நல்லது. அவர்கள் பதிவேட்டில் இருப்பதை நாம் மறைத்தால், அந்த மறைப்பே நிராகரிக்கப் போதுமான காரணம்.

நம் ஊர்ப் பெயர்கள் தனித் தலைவலி. பாஸ்போர்ட்டில் ஒரே பெயர், விசாவில் அதற்கு முன்னால் "எஃப்என்யூ" (முதல் பெயர் தெரியவில்லை என்பதன் ஆங்கிலச் சுருக்கம்), ஓட்டுநர் உரிமத்தில் அப்பா பெயர் குடும்பப் பெயராக. படிவத்தில் பாஸ்போர்ட்டில் உள்ளபடியே எழுதி, மற்ற வடிவங்களை வேறு பெயர்களுக்கான கட்டத்தில் சேர்க்க வேண்டும்.

பிப்ரவரி 3

இந்தியக் குடிமக்கள் 2017 முதல் சேரலாம். ஆனால் அவர்களுக்கு இந்திய அரசின் சரிபார்ப்பும் உண்டு. இந்தியாவில் இருப்பவர்கள் பாஸ்போர்ட் சேவா வழியாகவும், அமெரிக்காவில் இருப்பவர்கள் இந்தியத் தூதரகம் வழியாகவும் தனியாக விண்ணப்பிக்க வேண்டும். இந்த இரண்டாவது விண்ணப்பம் ஒன்று இருப்பதே தெரியாமல் அமெரிக்கத் தளத்தையே பார்த்துக்கொண்டிருப்பவர்கள் நிறைய. சொந்த ஊர் முகவரிக்குப் போலீஸ் வந்து பார்க்கையில் வீடு பூட்டிக் கிடந்தால் அங்கேயே கோப்பு நின்றுவிடும். பக்கத்து வீட்டில் சொல்லி வைப்பது உத்தமம்.

பிப்ரவரி 19

நேர்காணல். பெரிய நகர மையங்களில் காலி இடமே காட்டாது. ஆனால் யாராவது ரத்து செய்தால் அந்த இடம் உடனே தளத்தில் தெரியும். காலை, மாலை திறந்து பார்த்தால் சிக்கும். காலி இடம் வந்தால் சொல்லும் செயலிகளைப் பயன்படுத்தலாம், ஆனால் விண்ணப்பத் தளத்துக்குள் நுழையப் பயன்படும் அரசுக் கணக்கான லாகின்.கவ்வின் கடவுச்சொல் கேட்பவற்றைத் தொடவே வேண்டாம்.

இதைவிடச் சுலபம், வெளிநாடு போய்த் திரும்பும்போது விமான நிலையத்திலேயே முடிப்பது. "என்ரோல்மென்ட் ஆன் அரைவல்" என்பார்கள், முன்பதிவு வேண்டாம். அபுதாபி வழியாக வருபவர்களுக்கு அமெரிக்கக் குடியேற்றச் சோதனை அங்கேயே நடப்பதால், நேர்காணலும் அங்கேயே முடியலாம். கையில் இருக்க வேண்டியவை: பாஸ்போர்ட், கிரீன் கார்டு இருந்தால் அது, முகவரிக்கு ஓட்டுநர் உரிமம். இணைப்பு விமானத்துக்கு நேரம் குறைவென்றால் அன்று வேண்டாம். நிபந்தனை ஒப்புதலுக்குப் பிறகு 730 நாள் அவகாசம் இருக்கிறது.

மார்ச் 10

புதுப்பித்தல். காலாவதிக்கு ஓராண்டு முன்பே விண்ணப்பிக்கலாம். காலாவதி தேதிக்கு ஒரு நாள் முன்னால் அனுப்பினாலும், முடிவு வரும்வரை 24 மாதம் வரை பழைய உறுப்பினர் சலுகை செல்லும். ஒரு நாள் பிந்தினால் அந்தச் சலுகை இல்லை.

மார்ச் 27

ஓராண்டு தாண்டியும் "பெண்டிங்" என்றால், தங்கள் தொகுதியின் அமெரிக்க நாடாளுமன்ற (காங்கிரஸ்) உறுப்பினரின் அலுவலகத்தை அணுகலாம். தனியுரிமை ஒப்புதல் படிவத்தில் கையெழுத்திட்டால் அவர்கள் இத்திட்டத்தை நடத்தும் துறையிடம் விசாரிப்பார்கள். உத்தரவாதம் எதுவும் இல்லை, ஆனால் பதில் வரும். அதுவரை அமெரிக்கக் குடிமக்களும் கிரீன் கார்டுகாரர்களும், குடியேற்றச் சோதனைக்கான விவரங்களை முன்பே கைபேசியில் அனுப்ப உதவும் இலவச மொபைல் பாஸ்போர்ட் கன்ட்ரோல் செயலியைப் பயன்படுத்தலாம். உள்நாட்டுப் பயணம்தான் அதிகம் என்றால் விமான நிலையப் பாதுகாப்புச் சோதனையை விரைவாக்கும் டிஎஸ்ஏ ப்ரீசெக் மட்டும் வாங்கிக்கொள்ளலாம். பெரும்பாலும் சில நாளில் வந்துவிடும். ஹெச்-1பி வேலை விசாக்காரர்களுக்கு இந்த இரண்டு வழியும் இல்லை.