கைப்பிடியும் பதினொரு புள்ளிகளும்

ஒரு கருவியின் கைப்பிடியைக் கணினியில் முப்பரிமாண வடிவமாக வரைய வேண்டும். பார்க்க எளிமையான வேலைதான், நடுவில் கொஞ்சம் பருத்து, விரல் படியும் இடத்தில் ஒடுங்கி, வால் பக்கம் மறுபடி விரியும். மேலிருந்து கீழே ஒரு பாத் (பாதைக் கோடு), அரை நீள்வட்டமாக ஒரு ப்ரொஃபைல் (குறுக்குவெட்டு), பக்கவாட்டு வடிவத்துக்கு ஒரு கைடு கர்வ் (வழிகாட்டும் வளைகோடு), ப்ரொஃபைலைப் பாத் வழியே இழுத்து வடிவம் எழுப்பும் ஸ்வீப்பைக் கொடுத்தால் அரைக் கைப்பிடி வந்துவிடும், மிரர் செய்து மறுபாதியை எடுத்தால் முடிந்தது. மத்தியானத்துக்குள் முடித்துத் தருகிறேன் என்று சொல்லிவிட்டு உட்கார்ந்தேன். மூன்று நாள் ஆனது.

முதலில் ஸ்வீப் கைடு கர்வைக் கண்டுகொள்ளவே இல்லை. நான் வரைந்த சாலிட்வொர்க்ஸ் மென்பொருளில் ப்ரொஃபைலின் புள்ளியை கைடு கர்வோடு பியர்ஸ் உறவில், அதாவது கர்வ் ப்ரொஃபைலின் தளத்தைத் துளைக்கும் இடத்தில், கட்ட வேண்டும், நான் கர்வின் முனைப் புள்ளியோடு கோயின்சிடென்ட் (புள்ளியோடு புள்ளி ஒட்டுவது) கொடுத்திருந்தேன். ஸ்கெட்சில் பார்த்தால் இரண்டும் ஒன்று போலத்தான் இருக்கும். ஆனால் அந்த முனைப் புள்ளி ஓரிடத்தில்தானே இருக்கிறது, ப்ரொஃபைல் நகரும்போது அது கூடவே வராது. அதைச் சரி செய்தும் எரர் போகவில்லை. ப்ரொஃபைலின் அகலத்துக்கு 36 மி.மீ. என்று ஒரு அளவு போட்டு வைத்திருந்தேன், எல்லா ஸ்கெட்சும் முழுமையாகக் கட்டப்பட்டிருக்க வேண்டும் என்று படித்த பழக்கம். அகலத்தைக் கைடு கர்வ் முடிவு செய்ய வேண்டும் என்றால் அந்த அளவு அங்கே இருக்கவே கூடாது. அதை அழித்ததும் ஸ்வீப் எழுந்து நின்றது. வால் பக்கம் மட்டும் குட்டையாக நின்றது, கைடு கர்வ் பாத்தைவிட நீளம் குறைவாக இருந்தால் ஸ்வீப் அதோடு நின்றுவிடும். நீட்டினேன், சரியானது.

அப்புறம்தான் உண்மையான தலைவலி. பரப்பின் வழவழப்பைச் சோதிக்க அதன் மேல் கறுப்பு வெள்ளைக் கோடுகள் பிரதிபலிப்பது போலக் காட்டும் ஜீப்ரா ஸ்ட்ரைப்ஸ் போட்டுப் பார்த்தால் கோடுகள் தண்ணீரில் விழுந்த நிழல் மாதிரி நெளிந்தன. நான் ஸ்வீப்பின் ஆப்ஷன்களை ஒவ்வொன்றாக மாற்றிக்கொண்டே இருந்தேன், பல குறுக்குவெட்டுகளை இணைத்து வடிவம் எழுப்பும் லாஃப்ட்டுக்குப் போனேன், திரும்பி வந்தேன். பின்னால் நின்று பார்த்துக்கொண்டிருந்த சீனியர், "தம்பி, சர்ஃபேஸை விடுங்க, அந்த கர்வைத் திறங்க" என்றார். கைப்பிடியின் படத்தை வைத்து அச்சாக வரைய வேண்டும் என்று கைடு கர்வுக்கு ஒரே ஸ்ப்லைனில் (புள்ளிகள் வழியே ஓடும் வளைகோடு) பதினொரு புள்ளி வைத்திருந்தேன். ஒவ்வொரு இடத்திலும் வளைவு எவ்வளவு என்று சீப்புப் பற்களாகக் காட்டும் கர்வேச்சர் கோம்பைப் போட்டதும் சீப்பின் பற்கள் மேலும் கீழுமாகத் துள்ளின. அவர் ஒவ்வொரு புள்ளியாக அழித்தார், எனக்கு வயிற்றைக் கலக்கியது. கடைசியில் இரண்டு முனைகளும் நடுவில் ஒன்றும்தான் மிச்சம். ஸ்ப்லைன் புள்ளிகளில் திசையை மாற்ற இருக்கும் ஹேண்டிலை இழுத்துச் சரி செய்தார். படத்திலிருந்து அரை மில்லிமீட்டர் விலகித்தான் இருந்தது, ஆனால் ஜீப்ரா கோடுகள் ஒழுங்காக ஓடின.

பாத்திலும் ஒரு குறை இருந்தது. நேர்கோட்டையும் வில்லையும் டேன்ஜென்டாக இணைத்திருந்தேன். டேன்ஜென்ட் என்றால் திசை ஒன்றுதான், வளைவு ஒன்றல்ல: கோட்டில் பூஜ்யமாக இருந்த வளைவு வில் தொடங்கும் இடத்தில் சட்டென்று எகிறுகிறது. கை தடவினால் தெரியாது, பளபளப்பான பிளாஸ்டிக்கில் வெளிச்சம் பட்டால் அந்த இடத்தில் பிரதிபலிப்பு முறிந்து நிற்கும். அதையும் ஒரே ஸ்ப்லைனாக மாற்றினோம்.

மிரர் செய்த நடுக்கோட்டில் மெல்லிய முதுகெலும்பு மாதிரி ஒரு மடிப்பு தெரிந்தது. அரை ப்ரொஃபைல் நடுத்தளத்தைச் செங்குத்தாகத் தொடவில்லை, ஒன்றிரண்டு டிகிரி சாய்வு. இது எல்லோரும் ஒரு தடவையாவது செய்கிற தப்பு என்று நினைக்கிறேன், அதனால் ரொம்ப வருத்தப்படவில்லை.

இப்போதெல்லாம் யார் ஃபைல் வந்தாலும் ஸ்வீப்பை சப்ரெஸ் செய்துவிட்டு (தற்காலிகமாக அணைத்துவிட்டு) முதலில் கோம்பைத்தான் பார்க்கிறேன். வால் நுனி மட்டும் இன்றும் என்னிடம் ஸ்வீப்பில் படியாது. எல்லாக் கர்வும் ஒரே புள்ளியில் கூடினால் அங்கே சர்ஃபேஸ் கிள்ளியது போலச் சுருங்கும், அந்தப் பகுதியை வெட்டி எடுத்துவிட்டு நான்கு பக்கமுள்ள தனிச் சர்ஃபேஸ் வைத்து மூடிவிடுகிறேன்.