21 நாள் கணக்கை நம்பிப் பாதியில் விடாதீர்கள்

"21 நாள் விடாமல் செய்தால் பழக்கமாகிவிடும்" என்ற பேச்சு இன்னமும் சுற்றிக்கொண்டிருக்கிறது. 22-ஆம் நாளும் பாரமாக இருந்தால், தன்மேல்தான் குறை என்று விட்டுவிடுகிறார்கள். அதுதான் வேதனை.

லண்டன் யூனிவர்சிட்டி காலேஜில் ஆய்வாளர் ஃபிலிப்பா லாலியின் குழு, புதுப் பழக்கம் தொடங்கிய 96 பேரை 12 வாரம் கவனித்தது. பழக்கம் படிய நடு மதிப்பாக 66 நாள், அதாவது பாதிப் பேருக்கு அதற்குள், மீதிப் பேருக்கு அதற்குமேல். ஆளைப் பொறுத்து 18 முதல் 254 வரை என்று மதிப்பிட்டார்கள். தண்ணீர் குடிப்பது சீக்கிரம் படியும், உடற்பயிற்சிக்கு நாள் பிடிக்கும். நடுவே ஒரு நாள் தவறினால் ஒன்றும் கெட்டுவிடாது. மறுநாள் தொடருங்கள், போதும்.

"தினமும் படிக்கணும்" என்பது வெறும் ஆசை. இரவு பல் துலக்கி பிரஷ்ஷை வைத்ததும் 2 பக்கம், இது திட்டம். காலையில் படுக்கையை மடிக்கும்போதே புத்தகத்தைத் தலையணைமேல் வைத்துவிடுங்கள், ஃபோன் சார்ஜரை வேறு அறைக்கு மாற்றுங்கள். "ஒன்பது மணிக்கு" என்று வைத்தால், மணி தாண்டியதும் அன்றைய நாளே போய்விடும். பல் துலக்குவது எத்தனை மணியானாலும் நடக்கும்.

பலரும் சறுக்குவது தொடங்கிய சில நாளில். உற்சாகத்தில் 2 பக்கம் 20 ஆகும், களைத்த நாளில் அந்த 20-ஐ நினைத்தே புத்தகத்தைத் தொட மாட்டோம். முதல் இரண்டு வாரம் அளவைக் கூட்டவே வேண்டாம்.

அலுவலகத்திலும் இதே வழிதான். லேப்டாப்பை மூடுமுன் நாளைய முதல் வேலையைத் துண்டுத்தாளில் எழுதி மூடிமேல் ஒட்டுங்கள். "அறிக்கை" என்றல்ல, "3-ஆம் பக்க அட்டவணையில் விடுபட்ட எண்களைச் சேர்" என்று. காலையில் மெயிலைத் திறக்குமுன் அதை முடியுங்கள்.