அக்காவின் தாலிக்கொடியும் என் மோட்டார் சைக்கிளும்

போன மாதம் ஒருநாள் இரவு ஒன்றரை மணிக்கு அத்தான் வட்ஸ்அப்பில் ஒரு வீடியோ அனுப்பியிருந்தார். லண்டனில் அப்போது இரவு ஒன்பது, கடை பூட்ட இன்னும் இரண்டு மணித்தியாலம் இருக்கும். கடைக் கமராவில் பதிவான காட்சி. தொப்பி போட்ட ஒருவன் கோப்பிப் போத்தல்களை ஒவ்வொன்றாக எடுத்துப் பைக்குள் வைக்கிறான், அவசரமே இல்லை, பிறகு உடுப்புத் தோய்க்கிற திரவம் இரண்டு, பிறகு சீஸ். வெளியே போகும்போது அத்தானைப் பார்த்துத் தலையையும் ஆட்டிவிட்டுப் போகிறான்.

நித்திரை போய்விட்டது. எடுத்துக் கதைத்தேன்.

"பொலிசுக்கு அடிச்சனீங்களோ அத்தான்?"

"அடிச்சு என்ன தம்பி, போன கிழமை வந்தவனும் இவன்தான். ஒன்லைன்ல போட்டா ஒரு நம்பர் தருவாங்கள். அப்பிடி நம்பர் பதினேழு என்ர லாச்சிக்குள்ள கிடக்கு."

யாழ்ப்பாணத்தில் இருக்கிற எங்களுக்கு லண்டன் பொலிஸ் என்றால் மனதில் ஒரு படம் இருக்கிறது. துவக்கு இல்லாமல், உயரத் தொப்பியோடு, மரியாதையாகக் கதைக்கிற ஆள், கூப்பிட்டால் ஐந்து நிமிடத்தில் வாசலில் நிற்பார். இங்கே கோயில் வீதியில் சங்கிலி அறுத்தாலும் சரி, வாள்வெட்டு நடந்தாலும் சரி, "உது லண்டனெண்டா நடக்குமோ" என்று யாராவது ஒருவர் சொல்லாமல் விடமாட்டார். நானும் சொல்லியிருக்கிறேன். அங்கே கடை வைத்திருக்கிற எவரையாவது கேட்டுப் பாருங்கள், வேறு கதை சொல்வார்கள். இங்கிலாந்திலும் வேல்ஸிலும் 2024 ஆம் ஆண்டில் பொலிஸ் பதிவு செய்த கடைத் திருட்டுகள் மட்டும் 5 இலட்சத்து 16 ஆயிரத்துக்கு மேல். அலுத்துப்போய் முறைப்பாடே செய்யாமல் விட்டவர்கள் அந்தக் கணக்கில் இல்லை.

ஏன் இப்படி ஆனது என்று கேட்டால் அத்தான் இரண்டு காரணம் சொல்வார். 2014 இல் வந்த சட்டமொன்று 200 பவுணுக்கு மேற்படாத கடைத் திருட்டை கீழ் நீதிமன்றத்தோடு முடிக்கிற சின்னக் குற்றமாக்கியது. குற்றமே இல்லை என்று சட்டம் சொல்லவில்லை, ஆனால் களவெடுக்கிறவர்களுக்கு விளங்கியது அப்படித்தான் (அதை நீக்க 2025 இல் ஒரு சட்டமூலம் கொண்டுவந்தார்கள்). மற்றது, 2010 க்குப் பிறகு செலவைக் குறைக்கிறோம் என்று 20 ஆயிரம் பொலிஸாரைக் குறைத்து, பல பொலிஸ் நிலையங்களையும் பூட்டினார்கள். 2019 இல் அதே 20 ஆயிரம் பேரைத் திரும்ப எடுக்கிறோம் என்று அறிவித்து எடுத்தும் விட்டார்கள். ஆனால் போனவர்கள் தெருவையும் ஆட்களையும் இருபது வருடம் பழகியவர்கள், வந்தவர்கள் புதுப் பெடியள். அத்தானின் இந்த விளக்கம் எனக்குச் சரியாகத்தான் படுகிறது.

"நீங்கள் ஏன் அவனை மறிக்கேல்லை" என்று மட்டும் நான் ஒருநாளும் கேட்கமாட்டேன். 2011 மார்ச்சில் லண்டன் ஸ்ரொக்வெல்லில் ஒரு தமிழர் கடைக்குள் ஒருவன் ஓடி ஒளிய, அவனைத் துரத்தி வந்த கும்பல் வாசலில் நின்று சுட்டது. கடைக்குள் விளையாடிக்கொண்டிருந்த ஐந்து வயதுப் பிள்ளைக்குச் சூடு பட்டது. எங்கள் சனத்தின் பிள்ளை. அவளால் அதற்குப் பிறகு நடக்க முடியவில்லை. அந்த வழக்கைப் பொலிஸ் விடவில்லை, அடுத்த வருடமே மூன்று பேருக்கு ஆயுள் தண்டனை கிடைத்தது. ஆனாலும் அதற்குப் பிறகு அத்தானுக்கு கோப்பிப் போத்தல் ஒரு பொருட்டே இல்லை. இன்னொன்றையும் மறைக்காமல் சொல்லவேண்டும். 2000 களில் ஈஸ்ற்ஹாமிலும் ரூட்டிங்கிலும் கத்தியும் வாளும் தூக்கித் திரிந்தவர்களில் எங்கள் பெடியள்களும் இருந்தார்கள். குற்றம் எப்போதும் வேற்று ஆள்தான் செய்வான் என்ற மாதிரிக் கதைப்பது எனக்குப் பிடிப்பதில்லை.

சரி, தாலிக்கொடி விஷயத்துக்கு வருகிறேன். இரண்டு வருடத்துக்கு முன் அக்கா வீட்டில் நகை போனது. லண்டனில் எங்கள் நாட்டு ஆட்களின் வீடுகளாகப் பார்த்து உடைக்கிற கள்வர்கள் இருக்கிறார்கள், இந்த வீடுகளில் தங்கம் இருக்கும் என்று அவர்களுக்கு நல்லாகத் தெரியும். சனிக்கிழமைச் சாமத்தியவீட்டுக்கென்று அக்கா லொக்கரிலிருந்து கொடியை எடுத்து வந்து அலுமாரிக்குள் வைத்திருந்தாள். வியாழக்கிழமை வேலையால் வந்து பார்த்தால் பின்கதவுக் கண்ணாடி நொறுங்கிக் கிடக்கிறது. பதினொரு பவுண் கொடி. அத்தானின் அம்மா தோட்டக் காணியை ஈடு வைத்துச் செய்து போட்டது.

அடுத்த நாள் ஒரு பொலிஸ்காரி வந்தாள். அக்காவுக்கு ஆங்கிலம் தெரியும், கடையில் நாள் முழுக்க அதில்தான் கதைக்கிறாள், ஆனால் அன்றைக்கு அழுகையில் ஒன்றும் வரவில்லை. "தமிழில் சொல்ல விருப்பமோ" என்று கேட்டு, தொலைபேசியில் ஒரு மொழிபெயர்ப்பாளரைப் பிடித்துக் கொடுத்தார்களாம். எழுதி முடித்த பிறகு முழுவதையும் மொழிபெயர்ப்பாளர் தமிழில் திருப்பிச் சொல்லியிருக்கிறார். கொடியை அம்மா செய்து கொடுத்ததாக எழுதியிருந்ததை, "இல்லை, மாமி செய்து போட்டது" என்று அக்கா திருத்திய பிறகுதான் கையெழுத்து வாங்கினார்களாம். கண்ணாடியில் கைரேகைக்குத் தூள் பூசினார்கள். மூன்று கிழமையில் கடிதம் வந்தது: ஆதாரம் போதாது, விசாரணையை நிறுத்துகிறோம், இன்ன காரணம், இதில் உங்களுக்குத் திருப்தி இல்லையென்றால் இங்கே முறையிடலாம். கொடி கிடைக்கவில்லை.

அதே வருடம்தான் இங்கே என் மோட்டார் சைக்கிள் களவு போனது. முறைப்பாடு செய்ய ஒரு பொலிஸ் நிலையத்துக்குப் போனேன். இருந்தவர் நல்ல மனிதர், கதிரை போட்டு இருத்தினார், தெரிந்த தமிழில் ஒவ்வொன்றாகக் கேட்டார். ஆனால் எழுதியது முழுவதும் சிங்களத்தில். ஒரு பக்கமும் பாதியும். அதில் என்னால் வாசிக்க முடிந்தது என் வண்டியின் இலக்கத்தை மட்டும்தான். கையெழுத்துப் போடும் இடத்தை விரலால் காட்டினார், போட்டேன். தமிழும் ஆட்சிமொழி என்று 13 ஆவது திருத்தம் 1987 இல் எழுதி வைத்திருக்கிறது, நான் பிறப்பதற்கு முன்பே. இன்றைக்கு வரைக்கும் என்னுடைய முறைப்பாட்டில் நான் என்ன சொல்லியிருக்கிறேன் என்று எனக்குத் தெரியாது.

அவளுடைய கொடியும் வரவில்லை, என்னுடைய வண்டியும் வரவில்லை. கள்வன் பிடிபடாத விஷயத்தில் இரண்டு நாட்டுக்கும் பெரிய வித்தியாசம் இல்லை. ஆனால் அக்கா "மாமி செய்து போட்டது" என்று திருத்திய அந்த ஒரு இடம்தான் என்னை இன்றைக்கும் உறுத்துகிறது. அதற்காகத்தான் இந்தப் பதிவை எழுதத் தொடங்கினேன்.

வெள்ளைக்காரன் நல்லவன், அதனால் அங்கே அப்படி என்று யாராவது சொன்னால் நான் ஏற்கமாட்டேன். 1829 இல் ரொபர்ட் பீல் லண்டனில் பொலிஸை உருவாக்கியபோது, இராணுவம் மாதிரித் தெரியக்கூடாது என்று நீலச் சட்டை கொடுத்து, துவக்கில்லாமல் தெருவுக்கு விட்டார்கள். அது தங்களுடைய சனத்துக்கு. தாங்கள் பிடித்த நாடுகளுக்குப் பெரும்பாலும் கொடுத்தது அயர்லாந்தில் வைத்திருந்த மாதிரி, துவக்கும் முகாமுமாக, சனத்தை அடக்கி வைக்கிற பொலிஸ். இலங்கையில் 1866 இல் பொலிஸைக் கட்டியெழுப்ப அவர்கள் கொண்டுவந்த காம்பெல், இந்தியாவில் ரத்னகிரியில் ஆயுதப் படை நடத்திக்கொண்டிருந்தவர்.

தங்கள் நாட்டிலும் எல்லோரையும் ஒரே மாதிரி நடத்தினார்களா என்றால், அதுவும் இல்லை. 1981 ஏப்ரலில் லண்டன் பிரிக்ஸ்ரனில் சாதாரண உடுப்பில் இறங்கிய பொலிஸார் சில நாட்களுக்குள் 900 பேருக்கு மேல் மறித்துச் சோதித்தார்கள், பெரும்பாலும் கறுப்பின இளைஞர்களை. அந்த வார இறுதியில் பிரிக்ஸ்ரன் எரிந்தது. அதே வருடம் மே 31 இரவு இங்கே எங்களுடைய யாழ்ப்பாண நூலகம் எரிந்தது. அப்பா அப்போது ஏ.எல். படித்துக்கொண்டிருந்தவர், நூலகத்தின் வாசிப்பறையில் இருந்து குறிப்பெழுதிய கொப்பிகள் இன்னும் வீட்டில் இருக்கின்றன. 97 ஆயிரம் புத்தகம் என்பார்கள். பொலிஸ்காரர்களும் எரித்தவர்களோடு நின்றார்கள் என்பது ஊர் முழுக்கத் தெரியும். இரண்டு சம்பவத்துக்கும் இடையில் ஏழு கிழமைதான்.

பிரிக்ஸ்ரனில் நடந்ததை விசாரிக்க ஸ்கார்மன் பிரபு என்ற நீதிபதியைப் போட்டார்கள், நவம்பரிலேயே அறிக்கை வந்தது. 1984 இல் பொலிஸ் அதிகாரங்களையும் சாட்சியங்களையும் ஒழுங்குபடுத்தும் சட்டம் வந்தது. சாதாரணக் குற்றமென்றால் குற்றம் சுமத்தாமல் 24 மணித்தியாலம்தான் வைத்திருக்கலாம், பாரதூரமானதென்றால் நீதிமன்ற அனுமதியோடு கூடியது 96. விசாரணையை ஒலிப்பதிவு செய்யவேண்டும், இலவசமாகச் சட்டத்தரணி கேட்கலாம், மொழி தெரியாதென்றால் மொழிபெயர்ப்பாளர். எங்களுக்கோ 1979 இல் வந்த பயங்கரவாதத் தடைச் சட்டம் பதினெட்டு மாதம் வரை தடுத்து வைக்கவும், பொலிஸ் உயர் அதிகாரி முன் கொடுத்ததாகச் சொல்லும் ஒப்புதலைச் சாட்சியாக்கவும் இடம் கொடுத்தது. எத்தனை தமிழ்ப் பெடியள் விளங்காத சிங்களத் தாளில் கையெழுத்து வைத்துவிட்டு வருடக்கணக்காக உள்ளே கிடந்தார்கள். நூலகத்துக்காக இன்றைக்கு வரை ஒருவரும் தண்டிக்கப்படவில்லை.

ஸ்கார்மனோடு எல்லாம் சரியாகிவிடவில்லை. 1993 ஏப்ரல் 22 ஆம் திகதி லண்டன் எல்தமில் பஸ்ஸுக்கு நின்ற ஸ்ரீவன் லோரன்ஸ் என்ற 18 வயதுக் கறுப்பின மாணவனை வெள்ளை இளைஞர்கள் குத்திக் கொன்றார்கள். அடுத்த ஓரிரு நாளிலேயே பெயர்கள் பொலிசுக்குப் போய்விட்டன, கைது செய்ய இரண்டு கிழமை எடுத்தது, வழக்கு நிற்கவில்லை. தாய் டொரீனும் தகப்பன் நெவிலும் விடவில்லை. 1999 இல் மக்பேர்சன் அறிக்கை, லண்டன் பொலிஸ் நிறுவனமாகவே இனவாதம் ஊறிப்போனது என்று எழுதியது. இரண்டு பேருக்குத் தண்டனை கிடைத்தது 2012 ஜனவரியில். பிள்ளை போய்ப் பதினெட்டரை வருடம். டொரீனின் படத்தைப் பார்க்கும்போதெல்லாம், 2017 பெப்ரவரியில் கிளிநொச்சிக் கந்தசுவாமி கோயிலடியில், காணாமல் ஆக்கப்பட்ட பிள்ளைகளின் படத்தோடு போராட்டத்துக்கு வந்து இருந்த அம்மாக்கள்தான் எனக்கு நினைவுக்கு வருகிறார்கள். பதினெட்டரை வருடம் என்றால் அவர்களில் எத்தனை பேர் உயிரோடு இருப்பார்கள். பலர் ஏற்கெனவே போய்விட்டார்கள்.

2021 இல் லண்டன் பொலிஸில் வேலை செய்துகொண்டிருந்த ஒருவன், கடமையில் இல்லாத நேரத்தில் தன் பொலிஸ் அடையாள அட்டையைக் காட்டி, கைது செய்வதாகச் சொல்லி ஒரு பெண்ணைக் காரில் ஏற்றிக் கொண்டுபோய்க் கொன்றான். அதற்குப் பிறகு நடந்த ஆய்வில் 2023 மார்ச்சில் லூயிஸ் கேசி எழுதியதும் அதே வார்த்தைதான், நிறுவனமாகவே இனவாதம், கூடவே பெண் வெறுப்பும். 24 வருடத்தில் ஒரு அறிக்கை கூட முழுதாக வேலை செய்யவில்லை. அக்கா தன் மகளுக்கு இப்போது சொல்லிக் கொடுப்பது, தனியாக ஒரு பொலிஸ்காரன் மறித்தால் ஏறாதே, 999 க்கு அடித்து உண்மையான ஆளோ என்று கேள் என்பது. பதினான்கு வயதுப் பிள்ளை. நான் பதினான்கு வயதில் கேட்ட புத்திமதியும் கிட்டத்தட்ட இதுதான், சீருடை மட்டும் வேறு.

அன்றைக்கு இரவு இதையெல்லாம் அத்தானோடு கதைத்து முடிக்க மூன்றரை மணியாகிவிட்டது. அவர் கடையைப் பூட்டிக்கொண்டே சொன்னார்: "தம்பி, அவங்கள் ஒண்டும் பிடிக்கமாட்டாங்கள். ஆனா நான் குடுத்த பதினேழிலயும் என்ன எழுதியிருக்கெண்டு எனக்குத் தெரியும். ஒருநாள் எம்.பியிட்ட கொண்டுபோய்ப் போடுவன்."

காலையில் அலுமாரியைத் திறந்து என் முறைப்பாட்டின் இலக்கம் எழுதித் தந்த துண்டைத் தேடி எடுத்தேன். வண்டியின் புத்தகத்துக்குள் மடித்து வைத்திருந்தேன். வருகிற திங்கட்கிழமை லீவு போட்டிருக்கிறேன். அந்தப் பொலிஸ் நிலையத்துக்குப் போய், நான் கொடுத்த முறைப்பாட்டின் தமிழ்ப் பிரதி ஒன்று வேண்டும் என்று எழுத்தில் கேட்கப் போகிறேன். கடிதம் தமிழில்தான் எழுதியிருக்கிறேன். அப்பா வாசித்துப் பார்த்து இரண்டு இடத்தில் திருத்தினார், பிறகு தானும் வருவதாகச் சொன்னார்.