தட்டையாகக் கிடந்த குமிழ்கள்

"அக்கா, தட்டையாகக் கிடப்பவைதானே மென்மையானவை? அவற்றை நீக்கிவிட்டால் மிஞ்சுவது இறுக்கமானவை மட்டும்தானே?"

ஆய்வகத்தில் என்னோடு வேலை செய்த தம்பி கேட்டது இவ்வளவுதான். இரத்தச் சிவப்பணுக்களிலிருந்து வந்த நுண்குமிழ்களை மைக்கா என்ற கனிமத் தகட்டில் ஒட்டி, அணுவிசை நுண்ணோக்கியின் நுண்ணிய ஊசிமுனையால் அழுத்தி, எவ்வளவு இறுக்கம் என்று அளந்துகொண்டிருந்தோம். அன்று மாலை 6 மணிக்குள் ஆய்வுச் சுருக்கத்தை அனுப்பியாக வேண்டும். திரையிலிருந்து கண்ணை எடுக்காமலே, "அடியில் இருக்கும் மைக்காதான் தெரியும், தம்பி. அது அளவீடே இல்லை. எடுத்துவிடு" என்றேன். "சரிங்க அக்கா" என்றான். ஓராண்டாகியும் அந்தச் "சரிங்க" காதை விட்டுப் போகவில்லை.

நான் சொன்னது தவறில்லை. சிவப்பணுக்களிலிருந்து கழன்று விழும் இந்தக் குமிழ்களின் விட்டம் 100, 150 நானோமீட்டர். சவ்வின் தடிமன் சுமார் 5. பாலி-லைசின் என்ற பசை பூசிய மைக்காவில் ஒட்டியதும் அவை உருண்டையாக நிற்பதில்லை, கவிழ்த்த கிண்ணம்போல் அமர்கின்றன. சில இன்னும் சரிந்து, கல்லில் ஊற்றிய தோசைமாவாகப் பரவிவிடும். 30 நானோமீட்டர் உயரமே உள்ள ஒன்றை அணுவிசை நுண்ணோக்கியின் முனையால் அழுத்தினால், கொஞ்ச தூரத்திலேயே மேல்சவ்வு கீழ்ச்சவ்வின் மேல் போய்ப் படிந்துவிடும். அழுத்த அழுத்த விசை எப்படி ஏறுகிறது என்று காட்டுவது விசைக்கோடு. அதற்குப் பிறகு செங்குத்தாக ஏறும் கோடு மைக்காவுக்கு உரியது, குமிழுக்கு உரியதல்ல. மென்மையானதும் இறுக்கமானதுபோலத் தெரியும். அதைச் சராசரியில் சேர்ப்பது பொய்யைச் சேர்ப்பது.

ஆனால் அவன் கேட்டது அதுவல்ல. காய்ச்சலில் வீட்டில் படுத்திருக்கும் பிள்ளைகளை விட்டுவிட்டு, வந்திருப்பவர்களை மட்டும் பார்த்து வகுப்பே நலமாக இருக்கிறது என்று சொல்லலாமா என்று கேட்டான். அதற்கு நான் பதில் சொல்லவில்லை.

அதற்கும் ஒரு பதில் இருந்தது. பசை தடிப்பாகப் படிந்த இடத்தில் எந்தக் குமிழும் அதிகமாகச் சரியும். சரியச் சரிய உட்புற அழுத்தம் கூடி, சவ்வு விறைப்பாகும். ஆகவே தட்டை என்றாலே மென்மை என்று சொல்லிவிட முடியாது. இதையெல்லாம் அன்றே அவனுக்கு விளக்கியிருக்கலாம். விளக்கியிருந்தால் நியாயமாக இருந்திருக்கும். இது எனக்குத் தோன்றியது மூன்று வாரம் கழித்து. முடிவை முதலில் எடுத்துவிட்டுக் காரணத்தைப் பிறகு தேடிக்கொண்டேன்.

இன்னொன்றையும் எழுதியாக வேண்டும். சேமிப்பில் ஆறாவது வாரத்தை எட்டிய இரத்தப் பையிலிருந்து வந்த குமிழ்களைப் புதிய பையின் குமிழ்களோடு ஒப்பிட்டுக்கொண்டிருந்தோம். பழையவை இறுக்கமானவை என்பதுதான் நாங்கள் சொல்லவந்த செய்தி. தட்டையானவை பழைய பையில்தான் அதிகம். எந்த உயரத்துக்குக் கீழ் நீக்குவது என்பதை, இரண்டு பைகளின் விசைக்கோடுகளையும் பார்த்த பிறகுதான் முடிவு செய்தேன். "வடிவம் குலையாத குமிழ்கள் மட்டுமே கணக்கில் கொள்ளப்பட்டன" என்று ஒரு வரி எழுதினேன். எத்தனை நீக்கப்பட்டன என்று எழுதவில்லை. அழுத்தினால் எவ்வளவு அமுங்கும் என்று 1882இல் இயற்பியலாளர் ஹெர்ட்ஸ் கெட்டியான பொருள்களுக்கு எழுதிய சமன்பாடு, உள்ளே நீர் நிறைந்த மெல்லிய சவ்வுக்குப் பொருந்துமா என்று நானும் அவனும் ஒரு வாரம் வாதாடியிருக்கிறோம். அதற்கு நேரம் இருந்தது.

சுருக்கத்தை அனுப்பிய அன்றிரவு இருவரும் சிங்கப்பூர்த் தேக்காவில் பரோட்டா சாப்பிட்டோம். ஊரில் அவன் அம்மாவுக்கு முழங்கால் வலி என்று பேசிக்கொண்டிருந்தான். குமிழ்களைப் பற்றி அவனும் எடுக்கவில்லை, நானும் எடுக்கவில்லை. என் அம்மாவும் கோயம்புத்தூர்ப் பக்கம்தான். அங்கே "சரிங்க" என்பது எப்போதும் ஒப்புதல் ஆகாது. பெரியவர்களோடு மேலே பேச விரும்பாதபோதும் அதைத்தான் சொல்வார்கள். எனக்கு இது தெரியும். அவனுக்குப் பரிந்துரைக் கடிதம் எழுதவேண்டியவள் நான் என்பது அவனுக்கும் தெரியும்.

அவன் போன பிறகு, பாலி-லைசினைக் குறைத்து வேறு பைகளில் மறுபடி அளந்தேன். தட்டையானவை குறைந்தன. பழையதற்கும் புதியதற்கும் இடையிலிருந்த வித்தியாசமும் குறைந்தது, ஆனால் மறையவில்லை. பை மாறியதாலா, பசை மாறியதாலா என்று பிரித்துச் சொல்ல இந்த எண்ணிக்கை போதாது. ஒரு நாள் அது என் பக்கம் சாய்வதாகத் தோன்றுகிறது, மறுநாள் அவன் பக்கம்.

நீக்கச் சொன்ன விசைக்கோடுகளை அவன் அழிக்கவில்லை. தனிக் கோப்புறையில் வைத்திருந்தான். கூடவே ஓர் அட்டவணை: ஒவ்வொன்றுக்கும் எதிரே தேதி, உயரம், அகலம். கடைசிப் பத்தியின் தலைப்பு "நீக்கியதற்குக் காரணம்". மேலிருந்து கீழ்வரை ஒரே விடை: "அக்கா சொன்னார்கள்." அந்த இடத்தில் உயரத்துக்கும் அகலத்துக்கும் உள்ள விகிதத்தை எழுதிவிடலாம் என்று பலமுறை திறந்திருக்கிறேன். இதுவரை மாற்றவில்லை.