பழைய போனை வீட்டு சர்வராக்க

பழைய ஆண்ட்ராய்டு போனைக் காயலான் கடையில் போட்டுவிடாதீங்க. தொடுதிரை ஓரளவு வேலை செய்தாலே போதும், அருமையான லினக்ஸ் சர்வர் (எப்போதும் ஓடி மற்ற கருவிகளுக்குச் சேவை தரும் கணினி) ஆகும்.

போனில் லினக்ஸ் கட்டளைகளை ஓட்டும் டெர்மக்ஸ் செயலியை, எஃப்-டிராய்டு என்ற இலவச ஆப் ஸ்டோரில் இருந்து இறக்குங்க. போன் ஆன் ஆனதும் வேலையைத் தானாகத் தொடங்கும் டெர்மக்ஸ் பூட் செயலியும் அங்கிருந்தே வரணும். இரண்டையும் வேறு வேறு இடத்தில் இருந்து எடுத்தால் செயலிகளின் டிஜிட்டல் கையொப்பம் பொருந்தாமல் இன்ஸ்டால் ஆகாது. பேக்கேஜ்களை அப்டேட் செய்து, ஓப்பன்எஸ்எஸ்எச் (வேறு கணினியில் இருந்து பாதுகாப்பாக உள்ளே நுழைய உதவும் மென்பொருள்) போட்டு, பாஸ்வேர்டு வைத்து, sshd கட்டளையை ஓட்டினால் 8022 போர்ட்டில் (இணைப்பு நுழையும் எண்ணிட்ட வாசல்) உள்ளே போகலாம். 22 கிடைக்காது. ரூட் (போனின் முழு நிர்வாக உரிமை) இல்லாமல் 1024-க்குக் கீழே உள்ள போர்ட்டுகளை ஆண்ட்ராய்டு தராது.

திரை அணைந்ததும் சர்வர் நின்றுபோகிறதா? டெர்மக்ஸில் வேக் லாக் (போன் தூங்காமல் தடுப்பது) எடுங்க, பேட்டரி ஆப்டிமைசேஷனில் இருந்து டெர்மக்ஸை விலக்குங்க. ஆண்ட்ராய்டு 12 முதல் இன்னொரு தடையும் உண்டு: எல்லா செயலிகளுக்கும் சேர்த்து 32 துணை ப்ராசஸுக்கு (செயலிகள் பின்னணியில் தொடங்கும் வேலைகள்) மேல் போனால் கூடுதலானவற்றை சிஸ்டமே நிறுத்திவிடும். ஆண்ட்ராய்டு 14-ல் டெவலப்பர் ஆப்ஷனிலேயே இந்தத் தடையை நிறுத்தலாம்.

நம்ம வேலூரில் உண்மையான எதிரி வெயில்தான். அக்னி நட்சத்திரத்தில் 40 டிகிரி தாண்டும்போது, நாள் முழுக்க 100% சார்ஜில் செருகியே கிடந்தால் லித்தியம் பேட்டரி ஊதிவிடலாம். 80%-ல் நிறுத்தும் வசதி இருந்தால் கட்டாயம் போடுங்க, இல்லையென்றால் குறித்த நேரத்தில் சார்ஜரை அணைக்கும் டைமர் பிளக் போடுங்க. உறையைக் கழற்றி, காற்றோட்டமாக, தீப்பிடிக்கும் பொருள் பக்கத்தில் இல்லாமல் வையுங்க. பேட்டரி ஊதி, பின்மூடி லேசாக மேலெழுந்தாலும் அன்றோடு அந்த பேட்டரி வேண்டாம். குத்தவோ அழுத்தவோ கூடாது.

கரண்ட் போனால் போன் ஓடும், ரவுட்டர் நிற்கும். ரவுட்டர் அடாப்டரில் எழுதியிருக்கும் வோல்ட் பார்த்து மினி யுபிஎஸ் வாங்குங்க. வெளியூரில் இருந்து உள்ளே வர டெயில்ஸ்கேல் (உங்கள் கருவிகளை இணையம் வழியே தனி வலையமைப்பாக இணைக்கும் செயலி) போதும், ரவுட்டரில் போர்ட் எதையும் திறக்க வேண்டாம்.